குழந்தைகளுக்கு ஃப்ளூ ஊசி: காய்ச்சலைத் தடுக்குமா, ஐ.சி.யூ. வரை போகாமல் காக்குமா?

சாரல்வீடு (செங்கோட்டை)

பள்ளி திறக்க இன்னும் சில வாரங்கள்தான். வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு ஏழு வயது, இளையவளுக்கு இரண்டரை. இளையவளுக்குச் சளி பிடித்தால் உடனே இழுப்பு வந்துவிடும். நெபுலைசர் வாங்கி வீட்டிலேயே வைத்திருக்கிறோம். இந்த முறை குழந்தை மருத்துவர் இருவருக்கும் ஃப்ளூ ஊசி போடச் சொன்னார். முதல் முறை என்பதால் ஆளுக்கு இரண்டு தவணை. ஒரு தவணைக்கு இரண்டாயிரம் ரூபாய் அளவில் ஆகிறது. கூட்டினால் எட்டாயிரம்.

கணவர் புனலூரில் வேலை பார்க்கிறார். கூட வேலை செய்பவர் ஒருவர், "ஊசி போட்ட வருடம்தான் என் மகனுக்கு மாறி மாறிக் காய்ச்சல் வந்தது" என்று சொல்லிவிட்டார். அன்று முதல் வீட்டில் பேச்சு ஓயவில்லை. அரசு இலவசமாகப் போடும் ஊசிகளில் இது இல்லை என்பதும் எனக்கு உறுத்துகிறது. அவ்வளவு முக்கியம் என்றால் அரசே போடாதா? இது எதைத் தடுக்கிறது, எவ்வளவு தடுக்கிறது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள். "போட்டுவிடுங்கள் அக்கா, நல்லது" என்ற பதில் எனக்கு வேண்டாம். அது ஏற்கெனவே நிறையக் கிடைத்துவிட்டது.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை)

போன வருடம் என் மகளுக்கு இரண்டு தவணையும் போட்டேன். ஜூன், ஜூலை இரண்டு மாதமும் அவள் பள்ளிக்குப் போன நாட்களைவிடப் போகாத நாட்களே அதிகம். பாலக்காட்டுக் கணவாயில் வீசும் ஆடிக் காற்றுக்குக் குடை பிடித்த கதைதான். விற்பவர்களுக்கு லாபம். உங்கள் கணவரின் நண்பர் சொன்னதில் பொய் இல்லை.

மருந்துச்சீட்டு (கம்பம்)

மருந்துக்கடை நடத்துகிறேன், இந்த ஊசியும் விற்கிறேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு யாரும் கண்டுபிடித்ததாகச் சொல்ல வேண்டாம்.

கணவாய்க்காற்று அண்ணன் சொன்னது நடந்திருக்கும். ஆனால் அந்தக் காய்ச்சல்களில் எது ஃப்ளூ? மழைக்காலத்தில் பிள்ளைகளுக்குக் காய்ச்சல் தரும் கிருமிகள் பல: ரைனோ, அடினோ, ஆர்.எஸ்.வி. என்ற சளி வைரஸ்கள், இவற்றோடு டெங்குவும். ஊசி இன்ஃப்ளூயன்சா வைரஸுக்கு மட்டும்தான். மற்றவற்றை அது தொடுவதே இல்லை.

பல சோதனைகளை ஒன்றுசேர்த்து அலசும் காக்ரேன் என்ற அமைப்பின் 2018 ஆய்வுத் தொகுப்பில் இதற்குக் கணக்கு இருக்கிறது. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளில், ஊசி போடாதவர்களில் 100-க்கு 30 பேருக்கு ஃப்ளூ வந்தது. போட்டவர்களில் 11 பேருக்கு. ஃப்ளூ மாதிரி தோன்றும் எல்லாக் காய்ச்சலையும் சேர்த்து எண்ணினால் 28-லிருந்து 20-ஆகக் குறைந்தது, அவ்வளவுதான். (இரண்டு கணக்கும் வெவ்வேறு ஆய்வுகளைச் சேர்த்து எடுத்தவை. அதனால் 28 எப்படி 30-ஐவிடக் குறைந்தது என்று கேட்காதீர்கள்.) தாய்மார்கள் கண்ணில் படுவது இந்த இரண்டாவது கணக்கு. ஊசியின் உண்மையான வேலை தெரிவது முதல் கணக்கில்.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை)

அப்படியானால் 100 பிள்ளைகளுக்குப் போட்டு 19 பேருக்கு ஒரு வாரக் காய்ச்சல் தப்புகிறது. அந்த ஒரு வாரத்தைக் கஞ்சியும் பாராசிட்டமாலும் கொடுத்துக் கடத்திவிடலாமே. அதற்கா இரண்டாயிரம், அதுவும் வருடாவருடம்?

இரவுப்பணி (பாலக்காடு)

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில் செவிலியராக இருக்கிறேன். மருத்துவமனையின் பெயர் வேண்டாம்.

ஒரு வாரக் காய்ச்சலோடு முடிகிற பிள்ளைகளை நான் பார்ப்பதே இல்லை, அவர்கள் வீட்டிலேயே தேறிவிடுகிறார்கள். என்னிடம் வருவது வேறு வகை. மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கும், பிள்ளை எழுந்து விளையாடும், வீட்டில் எல்லோரும் மூச்சு விடுவார்கள். ஐந்தாம் நாள் காய்ச்சல் திரும்ப ஏறும், கூடவே மூச்சு வாங்கும். வைரஸ் புண்ணாக்கிய நுரையீரலில் பாக்டீரியா குடியேறிவிட்டது என்று அர்த்தம். சில பிள்ளைகளுக்கு வலிப்பு. அரிதாக மூளையில் வீக்கம். ஊசியின் மதிப்பை இந்தப் படுக்கைகளில் அளக்க வேண்டும், மூக்கு ஒழுகுவதில் அல்ல.

அமெரிக்காவில் 2024-25 பருவத்துக்கு வந்த இடைக்காலக் கணக்கைப் பாருங்கள். புறநோயாளியாக வந்துபோகும் அளவு ஃப்ளூவைப் பிள்ளைகளிடம் ஊசி தடுத்தது, இடத்துக்கு இடம் 32 முதல் 60 சதவீதம். மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய ஃப்ளூவைத் தடுத்தது 63 முதல் 78 சதவீதம். அங்கேயே 2010 முதல் 2012 வரை குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் நடந்த ஆய்வில், ஐ.சி.யூ. சேர்க்கை நான்கில் மூன்று பங்கு குறைந்தது, 74 சதவீதம். நோய் கடுமையாகும் இடத்தில்தான் ஊசி அதிகம் பிடித்து நிறுத்துகிறது. எல்லா ஆண்டும் எல்லா ஊரிலும் இதே எண் வராது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை)

சிஸ்டர், மரியாதையோடு ஒரு கேள்வி. மருந்துச்சீட்டு காட்டிய அதே காக்ரேன் தொகுப்பு, மருத்துவமனைச் சேர்க்கை பற்றியும் மரணம் பற்றியும் தரமான சோதனைச் சான்று மிகக் குறைவு என்றும் சொல்கிறது. அதை ஏன் இருவரும் விட்டுவிட்டீர்கள்? நீங்கள் சொல்லும் 74, 78 எல்லாம் யாருக்கு ஊசி, யாருக்கு இல்லை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்துச் செய்த சோதனைகள் அல்ல, நடந்து முடிந்ததைப் பார்த்து எழுதிய கணக்கு. காசு கொடுத்து ஊசி போடும் பெற்றோர் பிள்ளையை மற்ற விஷயங்களிலும் நன்றாகக் கவனிப்பவர்கள். அந்தக் கவனிப்பின் பலனையும் ஊசியின் கணக்கில் எழுதிவிட்டால்?

தறிச்சத்தம் (நகரி)

நல்ல கேள்வி. நான் கணக்கு வாத்தியார், மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் இந்தக் கேள்விக்கு விடை கணக்கில்தான் இருக்கிறது.

சீட்டுக் குலுக்கல் சோதனையில் ஐ.சி.யூ. சேர்க்கையை அளப்பது மிகவும் கடினம். அந்த அளவுக்குப் போவது ஆயிரக்கணக்கில் ஓரிரு பிள்ளைகள். வித்தியாசம் தெரிய வேண்டுமானால் லட்சக்கணக்கான பிள்ளைகளைச் சேர்க்க வேண்டும். அதனால் வேறு வழியில் போகிறார்கள். மருத்துவமனைக்கு இதே மாதிரி அறிகுறியோடு வந்த பிள்ளைகள் எல்லோருக்கும் மூக்கில் மாதிரி எடுத்துச் சோதிக்கிறார்கள். ஃப்ளூ என்று வந்தவர்களில் ஊசி போட்டவர் எத்தனை, வேறு கிருமி என்று வந்தவர்களில் ஊசி போட்டவர் எத்தனை என்று ஒப்பிடுகிறார்கள். இரண்டு கூட்டமும் மருத்துவமனையைத் தேடி வந்த பெற்றோரின் பிள்ளைகளே. அதனால் நீங்கள் சொல்லும் "கவனிப்பு" இரண்டு பக்கமும் ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. முழுவதும் நீங்கிவிடும் என்று சொல்ல மாட்டேன்.

மரணத்துக்கும் ஒரு கணக்கு உண்டு, 2017-இல் வெளிவந்தது. 2010 ஜூலை முதல் 2014 ஜூன் வரை அமெரிக்காவில் ஃப்ளூ என்று சோதனையில் உறுதியான 358 குழந்தை மரணங்கள். 291 பேருக்கு ஊசி விவரம் தெரிந்திருந்தது. அவர்களில் ஊசி போட்டிருந்தவர்கள் 75 பேர், அதாவது 26 சதவீதம். ஒப்பீட்டுக்கு எடுத்த மற்ற பிள்ளைகளில் போட்டவர்கள் 48 சதவீதம். ஊசிக்குச் சக்தியே இல்லை என்றால் இறந்தவர்களிலும் பாதிக்குப் பாதி போட்டவர்களாக இருந்திருக்க வேண்டும். இருந்தது கால் பங்கு. வயது, நோய் எல்லாவற்றையும் சரிப்படுத்திய பிறகு அவர்கள் எழுதிய விடை 65 சதவீதப் பாதுகாப்பு. இதய நோய், நரம்பு நோய் போன்றவை உள்ள பிள்ளைகளுக்கு 51 சதவீதம்.

அந்த 75 என்ற எண்ணையும் மறைக்கக் கூடாது. ஊசி போட்டும் இறந்த பிள்ளைகள் அவர்கள். "போட்டால் கவலையே இல்லை" என்று எந்த டாக்டர் சொன்னாலும் இந்த எண்ணைக் காட்டுங்கள்.

இரவுப்பணி (பாலக்காடு)

வாத்தியார் சொன்ன 51-இல் ஒன்றைக் கவனியுங்கள். நோய் உள்ள பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு சதவீதம் குறைவு, ஆனால் அவர்களுக்கு ஆபத்து பல மடங்கு அதிகம். ஆகவே அதே பாதி, காப்பாற்றும் உயிர்களின் எண்ணிக்கையில் பெரியது. சாரல்வீடு, உங்கள் இளையவள் வீசிங் உள்ள பிள்ளை, அதோடு ஐந்து வயதுக்குக் கீழே. இந்த இரண்டும் சேர்ந்தால் நான் இரண்டாவது தடவை யோசிக்க மாட்டேன்.

சாரல்வீடு (செங்கோட்டை)

அமெரிக்கக் கணக்குகளாகவே வருகின்றன. அங்கே பனிக்காலம், இங்கே சாரல். நம் நாட்டில் யாரும் பார்த்ததில்லையா?

தறிச்சத்தம் (நகரி)

பார்த்திருக்கிறார்கள், அதுவும் கணவாய்க்காற்று கேட்கும் அதே சீட்டுக் குலுக்கல் முறையில். ஹரியானாவின் பல்லப்கரில் 2009 முதல் மூன்று ஆண்டுகள் நடந்தது. 6 மாதம் முதல் 10 வயது வரை உள்ள கிராமத்துப் பிள்ளைகள். ஒரு பாதிக்கு ஃப்ளூ ஊசி, மறுபாதிக்கு ஒப்பீட்டுக்காகப் போலியோ ஊசி. ஃப்ளூவைத் தடுத்த அளவு முதலாம் ஆண்டு 25.6 சதவீதம், இரண்டாம் ஆண்டு 41, மூன்றாம் ஆண்டு 74.2. 2019-இல் லான்செட் குளோபல் ஹெல்த் என்ற மருத்துவ இதழில் வந்தது. இது எல்லா ஃப்ளூவுக்கும் சேர்த்து எடுத்த கணக்கு, கடுமையான ஃப்ளூவுக்கு மட்டும் என்று எடுத்ததல்ல.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை)

25-லிருந்து 74! ரேஷன் கடை மண்ணெண்ணெய்கூட இவ்வளவு ஏற்ற இறக்கமாக வராது. எந்த வருடம் 25, எந்த வருடம் 74 என்று பணம் கொடுக்கும்போதே சொல்வார்களா?

மருந்துச்சீட்டு (கம்பம்)

சொல்ல முடியாது அண்ணா, அதுதான் இந்த ஊசியின் பலவீனம். வைரஸ் சட்டையை மாற்றிக்கொண்டே இருக்கிறது. உலக சுகாதார நிறுவனம் ஆண்டுக்கு இரண்டு முறை, பிப்ரவரியில் வடகோளத்துக்கும் செப்டம்பரில் தென்கோளத்துக்கும், அடுத்து எந்த வகை பரவும் என்று கணித்துச் சொல்கிறது. தயாரித்து முடிக்க ஆறு மாதம் போல ஆகும். அதற்குள் வைரஸ் விலகிப்போனால் பலன் குறைகிறது. ஃப்ளூ வைரஸில் எச்3என்2 என்ற வகைதான் அதிகம் ஏமாற்றுகிறது. பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த 2016-ஆம் ஆண்டுக் கணக்கில் எச்1என்1 வகைக்கு 61 சதவீதம், எச்3என்2-க்கு 33 சதவீதம்தான்.

இன்னொரு செய்தி, கடைக்காரனாக. நான்கு வகை வைரஸுக்கான ஊசியா, மூன்று வகைக்கானதா என்று கேட்டு அலைகிறார்கள். அந்த நான்காவது, பி யமகட்டா என்ற வகை, 2020 மார்ச்சுக்குப் பிறகு உலகில் எங்கும் உறுதியாகத் தென்படவில்லை. அதனால் அதை விட்டுவிடலாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லிவிட்டது. மூன்று வகை கிடைத்தால் குறை என்று நினைக்க வேண்டாம்.

லயத்துவீடு (மூணாறு)

எஸ்டேட்டில் வேலை. மூன்று பிள்ளைகள், மனைவி ஆறு மாதக் கர்ப்பம். நீங்கள் எல்லாம் எட்டாயிரம் என்று பேசுகிறீர்கள், எனக்கு அது ஒரு மாதச் சமையல். ஒருவருக்குத்தான் போட முடியும் என்றால் யாருக்கு?

இரவுப்பணி (பாலக்காடு)

தம்பி, உங்கள் மூன்று பிள்ளைகளில் இதயக் கோளாறு, தீராத இழுப்பு, வலிப்பு நோய் யாருக்காவது இருந்தால் அந்தப் பிள்ளைக்கு. யாருக்கும் இல்லை என்றால் உங்கள் மனைவிக்கு.

ஆறு மாதத்துக்குக் கீழே உள்ள குழந்தைக்கு இந்த ஊசி போடவே முடியாது, ஆனால் ஃப்ளூ மிகவும் மோசமாகத் தாக்குவது அந்த வயதைத்தான். தாய்க்குக் கர்ப்பத்தில் போட்டால் எதிர்ப்புச் சக்தி தொப்புள்கொடி வழியே குழந்தைக்குப் போகிறது. வங்கதேசத்தில் செய்து 2008-இல் வெளியிட்ட சோதனையில், ஊசி போட்ட தாய்மாரின் குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரை ஃப்ளூ 63 சதவீதம் குறைந்தது. ஒரு தவணை, இரண்டு உயிர். உங்கள் குடும்ப சுகாதார நிலையத்தில் கர்ப்பிணிகளுக்கு ஏதேனும் ஏற்பாடு உண்டா என்று ஆஷா பணியாளரிடம் கேட்டுவிட்டுப் பிறகு வெளியே போங்கள். பிள்ளைகளுக்கு நிமோனியாவைத் தடுக்கும் நியூமோகாக்கல் ஊசி 2021 முதல் அரசு அட்டவணையிலேயே நாடு முழுவதும் இருக்கிறது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு அதைத் தவணை தவறாமல் போட்டுவிடுங்கள், காசு இல்லை.

குப்பம்தாய் (குப்பம்)

இடையில் வருகிறேன். என் மகன் தடுப்பூசி அட்டையில் ஐந்து நோய் ஊசியின் கீழே "இன்ஃப்ளூயன்சே" என்று இருக்கிறது. அப்படியானால் ஃப்ளூ ஊசி ஏற்கெனவே போட்டாயிற்றுதானே?

இரவுப்பணி (பாலக்காடு)

இல்லை அம்மா. அது ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே பி, சுருக்கமாக ஹிப், என்ற பாக்டீரியாவுக்கானது. மூளைக்காய்ச்சலையும் நிமோனியாவையும் தடுக்கும் நல்ல ஊசி, ஆனால் ஃப்ளூ வைரஸுக்கும் அதற்கும் தொடர்பே இல்லை. பலர் இப்படி நினைத்து விட்டுவிடுகிறார்கள்.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை)

பக்கவிளைவு பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. 2010-இல் ஆஸ்திரேலியாவில் இந்த ஊசி போட்ட சின்னப் பிள்ளைகளுக்கு வலிப்பு வந்து, நாடு முழுவதும் நிறுத்தி வைத்தார்கள். அதுவும் உண்மைதானே?

இரவுப்பணி (பாலக்காடு)

உண்மை. ஒரே ஒரு நிறுவனத்தின் தயாரிப்பில் ஐந்து வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளைகளுக்குக் கடும் காய்ச்சலும் அதனால் வலிப்பும் எதிர்பார்த்ததைவிட மிக அதிகமாக வந்தன. அந்தத் தயாரிப்பைச் சின்னப் பிள்ளைகளுக்குப் போடுவதை நிறுத்தினார்கள், மற்றத் தயாரிப்புகளில் அந்தச் சிக்கல் இல்லை. இப்போது வழக்கமாகப் பார்ப்பது ஊசி போட்ட இடத்தில் வலி, ஓரிரு நாள் லேசான காய்ச்சல், சிணுங்கல். செத்த வைரஸின் துண்டுகள்தான் உள்ளே இருக்கின்றன, அதிலிருந்து ஃப்ளூ வராது. முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்கும் போடலாம் என்பதுதான் இன்றைய நிலை. ஆனால் முன்பு இதே ஊசிக்குக் கடும் ஒவ்வாமை வந்திருந்தால் போடக் கூடாது. போட்ட பிறகு சிறிது நேரம் அங்கேயே உட்கார்ந்துவிட்டுக் கிளம்புங்கள்.

தறிச்சத்தம் (நகரி)

எப்போது போடுவது என்பதையும் பேச வேண்டும், எல்லை ஊர்க்காரர்களுக்கு அதுதான் குழப்பம். நம் நாட்டில் ஃப்ளூ பெரும்பாலும் மழையைத் தொடர்ந்து வருகிறது. 2015-இல் வெளியான பத்து நகர ஆய்வில் ஆலப்புழையில் தென்மேற்குப் பருவமழையோடு ஏறியது, சென்னை, வேலூர் பக்கம் வடகிழக்குப் பருவமழையை ஒட்டி ஏறியது. என் ஊர் நகரிக்கு மழை ஐப்பசி, கார்த்திகையில்தான். செங்கோட்டைக்குச் சாரல் ஜூனிலேயே வந்துவிடும். மலைக்கு இந்தப் பக்கம் இருந்தாலும் உங்கள் வானம் கேரளத்து வானம்.

மருந்துச்சீட்டு (கம்பம்)

ஆமாம். செங்கோட்டை, கொழிஞ்சாம்பாறை, மூணாறு என்றால் மே மாதத்தில் முடிப்பது நல்லது. எதிர்ப்புச் சக்தி வர இரண்டு வாரம் வேண்டும். நகரி, குப்பம் பக்கம் செப்டம்பர் வரை பொறுக்கலாம். வாங்கும்போது பெட்டியைக் கையில் வாங்கிப் பாருங்கள். தென்கோளம் என்றால் ஒரே ஆண்டு, வடகோளம் என்றால் இரண்டு ஆண்டு சேர்த்து, எந்தப் பருவத்துக்கான ஊசி என்று அச்சிட்டிருக்கும். போன பருவத்துச் சரக்கு காலாவதித் தேதி முடியாமல் இருந்தாலும் வாங்காதீர்கள். ஐஸ் பெட்டியில் வைத்துத் தராத கடையிலும் வாங்காதீர்கள். மே மாத வெயிலில் பைக்கின் முன் கவரில் ஊசியைப் போட்டுக்கொண்டு கிளினிக்குக்குப் போகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன்.

கணவாய்க்காற்று (கொழிஞ்சாம்பாறை)

சரி, சாரல்வீட்டின் செலவைக் குறைக்க என் பங்குக்கு ஒன்று. இந்திய குழந்தை மருத்துவர் சங்கம் எல்லாப் பிள்ளைகளுக்கும் ஆண்டுதோறும் போடச் சொல்வது 6 மாதம் முதல் 5 வயது வரைதான். அதற்கு மேல் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு மட்டும். ஏழு வயதுப் பையன் ஆரோக்கியமாக இருக்கிறான் என்றால் நாலாயிரம் மிச்சம்.

தறிச்சத்தம் (நகரி)

அந்தச் சங்கத்தின் பரிந்துரை அப்படித்தான். ஆனால் பள்ளியிலிருந்து கிருமியை வீட்டுக்குக் கொண்டு வருபவன் அவன். கனடாவில் தனித்து வாழும் ஹட்டரைட் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் விவசாயக் குடியிருப்புகளில் 2010-இல் வெளியான சோதனை ஒன்று இருக்கிறது. 3 முதல் 15 வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் ஊசி போட்டதில், போடாத மற்றவர்களுக்கு ஃப்ளூ 61 சதவீதம் குறைந்தது. அங்கே ஒரு குடியிருப்பின் பிள்ளைகளில் பெரும்பாலோருக்குப் போட்டார்கள். செங்கோட்டையில் ஒரு பையனுக்குப் போட்டால் அதே பலன் வராது, அவன் தங்கைக்குக் கொஞ்சம் காவல் கூடும், அவ்வளவுதான். நாலாயிரத்துக்கு அது தகுமா என்பது வீட்டு நிலையைப் பொறுத்தது.

இரவுப்பணி (பாலக்காடு)

ஊசி போட்டாலும் போடாவிட்டாலும் இதைத் தெரிந்துகொள்ளுங்கள். பிள்ளை அழாமல் இருக்கும்போது சட்டையைக் கழற்றி, நெஞ்சு ஏறி இறங்குவதை முழு ஒரு நிமிடம் எண்ணுங்கள். அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்காதீர்கள். இரண்டு மாதம் முதல் ஒரு வயதுக்குள் 50-ஐத் தொட்டாலும், ஒன்று முதல் ஐந்து வயதுக்குள் 40-ஐத் தொட்டாலும் அது வேக மூச்சு. மூச்சு இழுக்கும்போது விலா எலும்புக்குக் கீழே குழி விழுந்தாலும், பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள். ஃப்ளூவுக்கான ஓசெல்டாமிவிர் மருந்து முதல் 48 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் நன்றாக வேலை செய்யும், அதை மருத்துவர் எழுத வேண்டும். ஆஸ்பிரின் எந்த வடிவிலும் வேண்டாம்.

மருந்துச்சீட்டு (கம்பம்)

என் கடைக்கு வந்து "காய்ச்சலுக்கு அசித்ரோமைசின் கொடுங்கள்" என்று கேட்டு, நான் தரவில்லை என்றதும் குமுளிப் பக்கம் போய் வாங்கிவிட்டதாகத் திரும்பி வந்து பெருமையாகச் சொல்கிறார்கள். அது பாக்டீரியாவுக்கான மருந்து, வைரஸுக்குக் கேட்காது. அந்தக் காசைச் சேர்த்தாலே ஒரு தவணை ஊசிக்கு ஆகும்.

சாரல்வீடு (செங்கோட்டை)

அனைவருக்கும் நன்றி, கணவாய்க்காற்று அண்ணனுக்கும்தான். அவர் கேட்காவிட்டால் பாதிக் கணக்கு வெளியே வந்திருக்காது. வீட்டுக்காரருக்கு முழுவதும் படித்துக் காட்டினேன். இளையவளுக்கு இந்த வாரமே போடுகிறோம். மூத்தவனுக்கு இந்த ஆண்டு இல்லை, அடுத்த மே வரை கையில் பணம் எப்படி நிற்கிறது என்று பார்க்கலாம் என்கிறார். நான் இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை.

ஒரே ஒரு சந்தேகம். இளையவளின் இரண்டாவது தவணை நாலு வாரம் கழித்து, ஜூன் நடுவில் வருகிறது. சாரல் தொடங்கினால் அவளுக்குச் சளி நிச்சயம். சளியோடு இருந்தால் தள்ளிப்போட வேண்டுமா?

இரவுப்பணி (பாலக்காடு)

லேசான சளிக்குத் தள்ள வேண்டாம். நல்ல காய்ச்சலோ இழுப்போ இருந்தால் அது அடங்கும் வரை பொறுங்கள். நாலு வாரம் என்பது குறைந்தபட்ச இடைவெளி. ஐந்து, ஆறு வாரம் ஆனாலும் முதல் தவணை வீணாகாது, திரும்ப முதலிலிருந்து தொடங்கவும் வேண்டாம். ஆனால் விட்டுவிடாதீர்கள், முதல் முறை போடும் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு தவணை மட்டும் போதாது. அட்டையில் இரண்டாவது தேதியை இன்றைக்கே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.